மூன்று தோழிகள், மூன்று ரத்தப் பரிசோதனைகள்

சிங்கப்பூரிலிருந்து 48 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அதே பிரிவில் ஒரு சீனத் தோழி, ஒரு மலாய்த் தோழி. மூவரும் ஏறக்குறைய ஒரே வயது. பகல் உணவும் ஒரே உணவங்காடியில்தான். இந்த ஆண்டு நிறுவனம் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனைக்கு மூவரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். 76 கிலோ எடையுள்ள மலாய்த் தோழிக்குச் சர்க்கரை இயல்பு. 50 கிலோ சீனத் தோழிக்கும் இயல்பு. 157 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையும் உள்ள நம் வாசகிக்கு மட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 5.9 மில்லிமோல் (தமிழ்நாட்டுக் கணக்கில் சுமார் 106 மில்லிகிராம்), மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. ஹீமோகுளோபின் 10.4. இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர்.

பதறிப்போய் ஒரு தனியார் மருந்தகத்துக்குச் சென்றிருக்கிறார். அங்கே இன்சுலின் அளவையும் சோதித்து, "உங்கள் இன்சுலின் எதிர்ப்பு 3.4" என்று, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்று சொல்லி, ஆறு மாதத்துக்கான சத்து மாத்திரைகளை விற்றிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் ஒழுங்கில்லை. வந்தால் ஒன்பது நாள்வரை மிகுதியான உதிரப்போக்கு. இரவில் வியர்த்து எழுந்துவிடுகிறார், ஐந்து மணி நேரத் தூக்கமே கிடைக்கிறது. அம்மாவுக்கு 52 வயதில் நீரிழிவு வந்தது. "33 வயதில் இரண்டாவது கர்ப்பத்தின்போது எனக்கும் சர்க்கரை இருந்தது, பிரசவத்தோடு போய்விட்டது" என்று ஒரு வரி. அதன்பின் பரிசோதனை பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லையாம்.

அவர் கேட்பவை: "இது எங்கள் இனத்தின் சாபமா? சோற்றை அடியோடு விட்டுவிடவா? காலையில் கேழ்வரகுக் கஞ்சிக்கும், தேநீரில் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறிவிட்டேன், போதுமா? மாதவிடாய் நிற்பதால் வருகிறதா, ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் மோசமாகுமா? சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாதாமே? 15 வயது மகளுக்கும் இதுதான் காத்திருக்கிறதா?"

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பெரிதாக எழுதியவற்றைத் தாண்டி, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. "பிரசவத்தோடு போய்விட்டது." அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. குழந்தைக்குத் தடையின்றிக் குளுக்கோஸ் போய்ச்சேர இயற்கை செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதைச் சமாளித்துவிடும். உங்கள் கணையத்தால் 33 வயதில் அது முடியவில்லை. பிரசவத்தோடு போனது நஞ்சுக்கொடியின் சுமைதான். கணையத்துக்குக் கூடுதல் சுரப்புக்கான கையிருப்பு குறைவு என்ற செய்தி போகவில்லை, இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து, வராத பெண்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2020-இல் வெளியானது. இனம், எடை, உணவு என்று நீங்கள் அடுக்கிய எதற்கும் இவ்வளவு கனம் இல்லை.

பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையும், பிறகு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுவதும் சர்க்கரைப் பரிசோதனையும் உங்களுக்குச் செய்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமும் வந்தது. பிள்ளை பிறந்ததும் மருத்துவர்களின் கவனம் முழுவதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குப் போய்விடுகிறது. தாயின் கோப்பு மூடப்படுகிறது. அது உங்கள் தவறு அல்ல. ஆனால் இனி எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் தகவல் இதுவாக இருக்கட்டும்.

இனம் எதைச் சொல்லும்?

"சாபம்" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். வேறுபாடு உண்மையானது, மறைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் 2010 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு சீனர்களில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. ஒரே தீவு, ஒரே உணவங்காடிகள், ஒரே மருத்துவ வசதி. ஆனாலும் இந்த இடைவெளி.

காரணத்தின் ஒரு பகுதி, கொழுப்பு உடலில் எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வந்தது. புணே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்ஞிக்குக்கு 21.2. தராசுக்கு இருவரும் ஒன்று, உடலுக்குள் இருவரும் வேறு. ஆண்களை வைத்துச் சொன்ன செய்திதான், ஆனாலும் "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்" என்கிற வீட்டார் எல்லாரும் பார்க்க வேண்டிய படம். நம்மவர்களில் பலருக்குக் கை கால்கள் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும். அந்த இடத்துக் கொழுப்புதான் இன்சுலினை மதிக்காத கொழுப்பு.

உங்கள் பிஎம்ஐ 23.5. ஐரோப்பியரை வைத்து வகுத்த அளவுகோலில் 25 வரை இயல்பு, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆசியர்களுக்கு 23-இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-இல் மிகுதியாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் எழுதியது. சிங்கப்பூர் பின்பற்றுவதும் அந்த எண்களைத்தான். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது 86. எனவே "என் எடை சரியாக இருக்கிறது" என்று நீங்கள் நினைத்தது வேறொருவருக்குத் தைத்த சட்டையின் அளவு.

உங்கள் தோழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனத் தோழி கவலையற்றவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கி, 42 முதல் 52 வயதுக்குட்பட்ட 3,302 பெண்களை ஏழு இடங்களில் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், சீனர், ஜப்பானியர் என ஐந்து பிரிவினர் அதில் இருக்கிறார்கள். இடுப்பளவு வேறுபாட்டைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, மெலிந்திருந்த சீன, ஜப்பானியப் பெண்களின் உடல் வெள்ளைப் பெண்களுடையதைவிட இன்சுலினுக்குக் குறைவாகவே இணங்கியது. அவர்களுடைய கணையத்தின் சுரப்புத் திறனும் குறைவு. கறுப்பினப் பெண்களிடமும் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது, ஆனால் அவர்களின் கணையம் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இந்தியப் பெண்கள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

ஆக, ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் பலவீனம் வேறு இடத்தில். உங்கள் சீனத் தோழிக்கு ஐந்தாறு கிலோ கூடினால் அவருடைய எண்களும் விரைவாக மாறக்கூடும். மலாய்த் தோழிக்கு இந்த ஆண்டு சர்க்கரை இயல்பு என்பது நல்ல செய்திதான். அந்த எடையில் அவர் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

இன்னொன்று. இனம் என்று நாம் சொல்வது மரபணு மட்டும் அல்ல. புணேயில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோவாக இருந்தது, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. புணேக் குழந்தை ஏறத்தாழ எல்லா அளவிலும் சிறியது, ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பாட்டியும் அம்மாவும் கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் உங்கள் இடுப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு உட்கார்ந்த வேலை, இரவு ஒன்பது மணிச் சாப்பாடு, ஐந்து மணி நேரத் தூக்கம். இவற்றில் பாதியை மாற்ற முடியும்.

மாதவிடாய் முடியும் காலம்

மாதவிடாய் நிற்பது நேரடியாக நீரிழிவைக் கொண்டுவருவதில்லை. ஆனால் இறுதி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே உடலில் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை குறையத் தொடங்குகிறது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வே இதைக் காட்டியது. எடை கூடும் வேகம் பெரிதாக மாறாது. பாவாடை நாடா மட்டும் எட்டாமல் போகும். நாம் உண்ணும் மாவுச்சத்தின் குளுக்கோஸில் பெரும்பகுதியை உள்வாங்கும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு சாலையில்தானே நிற்கும்?

இரவு வியர்வையும் தூக்கக் குறைவும் தனிக் கதை அல்ல. சில இரவுகள் தூக்கம் கெட்டாலே இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைகிறது. கணவர் குறட்டை பற்றிச் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இந்த வயதுப் பெண்களிடம் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை.

ஹார்மோன் சிகிச்சை சர்க்கரையை மோசமாக்கும் என்ற பயம் தேவையில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த பெண்களிடம் நீரிழிவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வந்தது. அதற்காக நீரிழிவைத் தடுக்கும் மருந்தாக அதை யாரும் பரிந்துரைப்பதில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி ஆகியவற்றின் ஆபத்தையும் எடைபோட வேண்டும். இரவு வியர்வை தாங்க முடியாததாக இருந்தால் அதற்காக அந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். ஆனால் அதற்கு முன் உதிரப்போக்கைப் பார்த்தாக வேண்டும்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 45 வயதுக்கு மேல் ஒன்பது நாள் மிகுதியான உதிரப்போக்கை "நிற்கப்போகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று விடக் கூடாது. இன்சுலின் எதிர்ப்பு உள்ள பெண்களுக்குக் கருப்பை உள்வரிச் சவ்வு தடித்துப்போவதும், அதில் புற்றுநோய் வருவதும் மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும். ஆனாலும் இந்த மாதமே மகளிர் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். அவர் சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொன்னால் தயங்காதீர்கள்.

உங்கள் எண்கள்

ஹீமோகுளோபின் 10.4 என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறைவு, ரத்தச்சோகை. அதைப் பற்றி மருந்தகத்தில் யாரும் பேசவில்லை போலும். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. இரும்புச்சத்துக் குறைவில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மிகுதியாக ரத்தம் போய்ப் புதிய சிவப்பணுக்கள் வேகமாக உருவாகும்போது குறைவாகவும் காட்டலாம். எனவே உங்கள் 6.2-ஐ நான் முழுதாக நம்பவில்லை, ஒதுக்கவும் இல்லை. சிங்கப்பூர் வழிகாட்டலில் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும். அமெரிக்க அளவில் 5.7-இலிருந்தே நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை. 7.8-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 7.8 முதல் 11.0 வரை முந்தைய நிலை, 11.1 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. ஆசியர்களில் பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நல்ல பிள்ளையாக இருக்கும், சாப்பாட்டுக்குப் பிந்தையதுதான் முதலில் கெடும். பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட குடும்ப மருத்துவரிடமோ கர்ப்பகால நீரிழிவைச் சொல்லி இதைக் கேளுங்கள்.

அந்த "3.4" எப்படி வந்தது தெரியுமா? வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 22.5-ஆல் வகுக்கும் எளிய கணக்கு, 1985-இல் வெளியானது. ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு அருமையான கருவி. தனி ஒருவரின் சிகிச்சைக்கு அது பெரிதாக உதவாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவு மாறும், எல்லாரும் ஏற்ற வரம்பெண்ணும் இல்லை. உங்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு இருப்பதை இடுப்பளவும் பழைய கர்ப்பமும் செலவில்லாமலே சொல்லிவிட்டன. வாங்கிய மாத்திரைகளை நிறுத்திவிடலாம். அந்தப் பணத்தில் இரும்புச்சத்துக்கான பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தால் பயன் இருந்திருக்கும்.

சோறு, கஞ்சி, நடை

சோற்றை அடியோடு விட வேண்டாம். விட்டவர்கள் ஆறாவது வாரத்தில் இரு மடங்காகத் திரும்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, தௌ (சோயாக் கட்டி) போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறு. காயையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏறும் உயரம் குறையும். உணவங்காடியில் "சோறு பாதி போதும்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, உண்மைதான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் குழையக் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் தங்காமல் விரைவில் குளுக்கோஸாகிவிடும். சோற்றுக்குப் பதில் கஞ்சி என்பது பெயர் மாற்றம்தான். இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ காலைக்கு நல்லது. நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் ரத்தத்துக்குள் போனபின் ஒன்றுதான். தே குடிக்காமல் முடியாது என்றால், கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்க்காத 'தே ஓ கோசோங்' கேளுங்கள். உடனே முடியாவிட்டால் ஒரு மாதம் சர்க்கரை குறைத்த 'சியூ டாய்', பிறகு 'கோசோங்'.

ஆனால் உணவைவிட நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது தசைக்காக. வாரத்தில் 150 நிமிட வேக நடையோடு, இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. உடற்பயிற்சிக் கூடம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பதினைந்து முறை எழுந்து உட்காருவது, மாடிப்படி ஏறுவது, ரப்பர் பட்டையை இழுப்பது போதும். ரத்தச்சோகை சரியாகும்வரை மெதுவாகத் தொடங்குங்கள். மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்து, அது முடிந்ததும் அடுக்குமாடியின் கீழே பதினைந்து நிமிடம் நடங்கள்.

இதனால் பலன் உண்டா என்று கேட்கலாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள்வரை கவனித்தார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை அவ்வளவாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசு நகராத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கிலோ குறைந்தால் இன்னும் நல்லது. நான் பார்க்க விரும்புவது இடுப்பு நாடாவை.

மெட்ஃபார்மினை இப்போதே தொடங்க வேண்டுமா என்பதை அந்தக் குளுக்கோஸ் பரிசோதனை முடிவு செய்யட்டும். 7.8-க்கு மேல் வந்தால் நான் உங்கள் மருத்துவராக இருந்தால் அதைப் பற்றி உடனே பேசுவேன். காரணம், அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் பொதுவாக உணவும் உடற்பயிற்சியுமே மெட்ஃபார்மினை வென்றன. ஆனால் முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்திருந்த பெண்களுக்கு மட்டும் இரண்டும் ஏறக்குறையச் சமமாக, ஆபத்தைப் பாதியாகக் குறைத்தன. நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். இந்த மருந்து அடிமைப்படுத்தாது. எண்கள் சீராகி, இடுப்பு குறைந்து, பயிற்சி பழக்கமானபின் மருத்துவரோடு பேசி நிறுத்திப் பார்க்கலாம். முதல் வாரங்களில் வயிற்றுக் கோளாறு வரலாம். உணவோடு குறைந்த அளவில் தொடங்கினால் தணியும். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மகள். நீங்கள் சொல்லும் வயதை வைத்துப் பார்த்தால், சர்க்கரை இருந்த அந்தக் கர்ப்பத்தில் பிறந்தவள் அவள்தான். அத்தகைய பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதல். இதை அவளிடம் நோயாகச் சொல்லாதீர்கள். அவள் எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம், கேலியும் வேண்டாம். பின்கழுத்தில் வெல்வெட் போல் கருமை படிந்திருக்கிறதா, மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால், இன்றிரவு கீழே நடக்கப் போகும்போது அவளையும் கூப்பிடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.